மாலத்தீவுக்குச் சிக்கனமாகப் போக வேண்டுமா? படகிலிருந்து தொடங்குங்கள்

மாலத்தீவில் அறை கிடைப்பது எளிது. அந்த அறைக்குப் போய்ச் சேருவதுதான் செலவு. முதல் பயணத்தில் இது எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை இரவு விமானம் இறங்கியது. மறுநாள் காலை அரசுப் படகில் ஏறினால் நான்கைந்து டாலருக்குள் தீவுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. அந்த நாட்டில் வெள்ளிதான் வார விடுமுறை, என் வழித்தடத்தில் அன்று படகே கிடையாது. தனியார் வேகப்படகில் இடமும் இல்லை. தீவில் பணம் கட்டிய அறை காலியாகக் கிடக்க, தலைநகர் மாலேயில் இன்னொரு அறைக்குப் பணம் கட்டி, ஜன்னல் வழியாக எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் இந்த வழிகாட்டியில் அறைக்கு முன்னால் படகு வரும்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். படங்களில் பார்க்கிற, தண்ணீர் மேல் குடிசை நிற்கிற இடங்கள் எல்லாம் தனித்தீவு ரிசார்ட்டுகள். ஒரு தீவு, ஒரு ரிசார்ட், அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் யாரும் அங்கே குடியிருப்பதில்லை. 1972ல் சுற்றுலா தொடங்கிய பிறகு நெடுங்காலம் வெளிநாட்டுப் பயணிகளை இந்தத் தனித்தீவுகளிலேயே நிறுத்திவைத்தார்கள். மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதி நடத்தலாம் என்று வழி திறந்தது 2009, 2010 வாக்கில்தான். மாஃபுஷி தீவு முன்னால் ஓடியது, மற்றத் தீவுகள் பின்தொடர்ந்தன. இன்று பள்ளிக்கூடம், மசூதி, மளிகைக் கடை, கால்பந்துத் திடல் எல்லாம் உள்ள ஒரு சாதாரண ஊரில், ஏறத்தாழ 40 முதல் 80 டாலருக்குள் ஏசி அறை எடுத்துத் தங்கலாம். கடல் அதே கடல்தான்.

ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் வரும் ‘முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்’ இந்தத் தீவுகள்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். பன்னீராயிரம் என்பது மெய்க்கீர்த்திக் கணக்கு. எண்ணினால் ஏறத்தாழ 1,200 வரும், அதில் மக்கள் வாழ்பவை 200க்கும் குறைவு. நமக்கு வேண்டியது அந்த இருநூறில் ஒன்று.

படி 1: மாதத்தையும் கிழமையையும் முடிவு செய்யுங்கள்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். வானம் தெளிவாக இருக்கும், விலையும் உச்சத்தில் இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. விலை இறங்கும், கடல் ஆட்டம் காட்டும். நாள் முழுக்கக் கொட்டும் என்று பயப்பட வேண்டாம். ஒரு மணி நேரம் அடித்துவிட்டு வெயில் வருவதுதான் பெரும்பாலும் நடக்கும். ஆனால் இரண்டு, மூன்று நாள் தொடர்ந்து காற்றும் மழையும் பிடித்துக்கொள்வதும் உண்டு, அப்போது படகுகள் ரத்தாகும். எனக்குப் பிடித்தது ஏப்ரல் கடைசியும் நவம்பரும். விலை பாதி இறங்கிய நிலை, கடலும் பாதி அடங்கிய நிலை.

ரமலான் மாதத்தில் போகலாமா என்று கேட்பார்கள். போகலாம். பகலில் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும், விடுதிக்குள் சாப்பாடு கிடைக்கும். பொது இடத்தில் சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ கூடாது. வெளியே மலிவாகச் சாப்பிட்டுச் செலவைக் குறைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு அந்த மாதம் தோதுப்படாது.

கிழமையைப் பற்றி என் கதையிலேயே சொல்லிவிட்டேன். வியாழன் இரவு இறங்குவதையும் வெள்ளியன்று தீவு மாறுவதையும் தவிர்த்துவிடுங்கள். ஞாயிறு முதல் புதன் வரை, பகலில், மதியத்துக்குள் இறங்குகிற விமானம் கிடைத்தால் டிக்கெட் கொஞ்சம் கூடுதலானாலும் அதையே எடுங்கள். மாலையில் இறங்கினால் கடைசிப் படகு போயிருக்கும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஹுல்ஹுமாலே தீவில் ஓர் இரவு தங்கும் செலவு அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

படி 2: படகைப் பார்த்துத் தீவைத் தேர்ந்தெடுங்கள்

போக மூன்று வழி உண்டு.

ஒன்று, அரசு நிறுவனமான எம்டிசிசியின் பயணிகள் படகு. பழைய மரப்படகு ஒரு வகை, ஆர்டிஎல் என்ற பெயரில் ஓடும் விரைவுப் படகு இன்னொரு வகை. மரப்படகுக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘தோனி’. நம் தோணியேதான். மாலேயிலிருந்து மாஃபுஷிக்கு இதில் ஒன்றரை மணி நேரம், கட்டணம் சில டாலர்தான். நான் ஏறிய நாளில் பக்கத்தில் இருந்த அம்மா மடியில் முட்டை அட்டை இரண்டு, காலடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே பள்ளிப் பையன்கள் படகின் ஓரத்தில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வேகம் இல்லை, ஆட்டமும் அதிகம் இல்லை. தூரத் தீவுகளுக்கு வாரத்தில் சில நாள்தான் ஓடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நேர அட்டவணையும் மாறிக்கொண்டே இருக்கும். பழைய பயணக்குறிப்பை நம்பாமல், விடுதிக்காரரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுங்கள்.

இரண்டு, தனியார் வேகப்படகு. மற்றப் பயணிகளோடு பகிர்ந்து போவது. மாஃபுஷிக்கு ஒருவழிக்கு ஏறத்தாழ 20 முதல் 25 டாலர், நாற்பது நிமிடம் ஆகும். தூரம் கூடக் கூட 40, 50, 60 என்று ஏறும். பெரும்பாலானவை விமான நிலையத்துக்கு எதிரேயே வந்து ஏற்றிக்கொள்ளும், அது பெரிய வசதி. ஏறினதும் முன்பக்கம் காற்றாடும் என்று போய் உட்காராதீர்கள். அலை மேல் படகு விழும்போது அடி முழுவதும் முன்னிருக்கைக்குத்தான். முதுகுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள் எல்லாரும் பின்னால். இதே படகைத் தனியாக வாடகைக்குப் பேசினால் நூற்றுக்கணக்கில் டாலர் போகும். ‘ஷேர்ட் ஸ்பீட்போட்’ என்ற சொல்லைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது, விமானம். கடல் விமானம் ரிசார்ட்டுக்காரர்களுக்கானது, பகலில் மட்டும் பறக்கும், போக வர ஒருவருக்குச் சில நூறு டாலர் கேட்பார்கள். சாதாரண உள்நாட்டு விமானத்திலும் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், அது ஊர்க்காரர் கொடுப்பதை விட அதிகம். ஃபுவம்முலா, அட்டு போன்ற தெற்குக் கோடித் தீவுகளுக்குத்தான் இது உண்மையில் தேவைப்படும்.

இப்போது தீவுகள்.

முதல்முறை போகிறவர்களுக்கு எல்லாரும் மாஃபுஷியைத்தான் சொல்வார்கள். காரணம் உண்டு. விடுதிகள் நிறைய, போட்டி நிறைய, அதனால் அறையும் கடல் சுற்றுலாவும் அங்கேதான் மலிவு. ஆனால் கூட்டம். கடற்கரையின் நல்ல பகுதி சின்னது, அதில் சாய்வு நாற்காலிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். நாட்டின் பெரிய சிறைச்சாலையும் இதே தீவில்தான். பயப்பட ஒன்றுமில்லை, வேடிக்கைக்குச் சொன்னேன். இரண்டு இரவு இங்கே, மூன்று இரவு அமைதியான வேறொரு தீவு என்று பிரித்துக்கொண்டால் சரியாக வரும். பக்கத்திலேயே குல்ஹி, குரைதூ இருக்கின்றன.

துலுஸ்தூ அலைச்சறுக்கு ஊர். மாலேயிலிருந்து வேகப்படகில் அரை மணி நேரம். அங்கே ஒரு கோக்கோ கோலா ஆலை உண்டு, கடல்நீரைக் குடிநீராக்கித்தான் பானம் தயாரிக்கிறார்கள். பக்கத்தில் அடிக்கும் அலைக்கே ‘கோக்ஸ்’ என்று பெயர்.

தொட்டூ விவசாயத் தீவு. தர்பூசணி, பப்பாளித் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் ஓட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகலாம். ராஸ்தூவும் உகுல்ஹாஸும் அளவான ஊர்கள், கரையிலிருந்தே பவளப்பாறை பார்க்கலாம். ஃபுலிதூ சின்னஞ்சிறு தீவு. படகுத்துறைக்கு வெளியே முட்டியளவு தண்ணீரில் திருக்கை மீன்கள் வந்து காலைச் சுற்றும்.

திகுரா எனக்குப் பிரியமானது. ‘திகு’ என்றால் நீளம், ‘ரா’ என்றால் தீவு. பெயருக்கேற்றபடி ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளம், ஒரு முனையில் ஊர், மறுமுனையில் வெள்ளை மணல்திட்டு. நடுவில் மரநிழலில் ஒரு மணல் பாதை. இந்தப் பகுதிக் கடலில் திமிங்கலச் சுறா ஆண்டு முழுவதும் வரும், அதைப் பார்க்கத்தான் பலர் போகிறார்கள். வேகப்படகில் இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால் நான்கு இரவுக்குக் குறைவாகப் போனால் படகுக் காசு வீண்.

மன்டா திருக்கைகளைக் கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் பா அட்டோலில் (அட்டோல் என்றால் வளையமாக அமைந்த பவளத்தீவுக் கூட்டம்) உள்ள தரவந்தூ. அங்கிருந்து ஹனிஃபரு விரிகுடா பக்கம். மே முதல் நவம்பர் வரை பருவம், ஆகஸ்ட், செப்டம்பரில் வாய்ப்பு அதிகம். விரிகுடாவுக்குள் ஆக்சிஜன் உருளையோடு முக்குளிக்கத் தடை, மேலே மிதந்துதான் பார்க்க வேண்டும். அந்த அட்டோல் முழுவதும் 2011 முதல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம்.

எதை எடுத்தாலும் ஒரே அட்டோலுக்குள் இரண்டு தீவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று எடுத்தால் இரண்டு முறையும் மாலே வழியாகத்தான் வரவேண்டியிருக்கும்.

படி 3: அறைக்குப் பணம் கட்டும் முன் பில்லைப் போட்டுப் பாருங்கள்

முன்பதிவுத் தளத்தில் காட்டும் விலை பல சமயம் பாதிக் கதைதான். ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். இரவுக்கு 50 டாலர் அறை, இரண்டு பேர், நான்கு இரவு. 200 டாலர் என்று நினைப்பீர்கள். சேவைக் கட்டணம் 10 சதவீதம், 20 டாலர். ஆனது 220. அதன் மேல் சுற்றுலா ஜிஎஸ்டி, 2025 ஜூலை முதல் 17 சதவீதம், அது 37 டாலர் 40 சென்ட். அப்புறம் பசுமை வரி. மக்கள் வாழும் தீவுகளில் 50 அறைக்குக் குறைந்த விடுதிகளில் ஆளுக்கு இரவுக்கு 6 டாலர் (2025 ஜனவரியில் 3லிருந்து 6 ஆக்கினார்கள், ரிசார்ட்டில் 12). இரண்டு பேர், நான்கு இரவுக்கு 48. மொத்தம் 305 டாலர் 40 சென்ட். இருநூறு முந்நூறு ஆனது இப்படித்தான்.

எனக்கு ஒரு விடுதியில் கிளம்பும் நாள் காலையில்தான் பசுமை வரி பற்றிச் சொன்னார்கள், அதையும் ரொக்கமாகக் கேட்டார்கள். படகு வர இருபது நிமிடம்தான் இருந்தது, அந்தத் தீவின் ஒரே ஏடிஎம் அன்று வேலை செய்யவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு விடுதிக்கும் முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பிவிடுகிறேன்: எல்லா வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, எதை அங்கே வந்து கட்ட வேண்டும், கார்டு எடுப்பீர்களா, இந்தத் தேதிக்கு எந்தப் படகு, படகுத்துறைக்கு ஆள் வருவாரா. பதில் எப்படி வருகிறது என்பதை வைத்தே விடுதியை எடைபோட்டுவிடலாம். படகு நேரத்தைத் தெளிவாக எழுதி அனுப்புகிறவர்கள் மற்றதிலும் சரியாகவே இருக்கிறார்கள்.

இன்னொரு கேள்வியும் முக்கியம்: வெளிநாட்டவர் நீச்சல் உடையில் குளிக்க ஒதுக்கிய ‘பிகினி பீச்’ எவ்வளவு தூரம், அது எப்படி இருக்கும்? விடுதியின் புகைப்படத்தில் இருக்கும் கடற்கரை சில சமயம் அந்தத் தீவுடையதே இல்லை, அரை மணி நேரப் படகுப் பயணத்தில் இருக்கும் மணல்திட்டு. செயற்கைக்கோள் வரைபடத்தில் தீவைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரையோரம் வெளிர்நீலப் பட்டை அகலமாக இருந்தால் ஆழமற்ற கடல், குழந்தைகளுக்கு நல்லது. பட்டை ஒடுங்கி உடனே கருநீலம் வந்தால் பவளப்பாறை கிட்டத்தில், நீந்தத் தெரிந்தவர்களுக்கு அது நல்லது.

படி 4: தாள்களும் பையும்

விசா பற்றிக் கவலை இல்லை. ஏறத்தாழ எல்லா நாட்டவருக்கும் இறங்கியதும் 30 நாள் இலவசமாகத் தருகிறார்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு இரண்டையும் கேட்பார்கள். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்னும் இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கிற போலித் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், மாலத்தீவுக் குடிவரவுத் துறையின் தளத்திலிருந்தே உள்ளே போங்கள். திரும்பும்போதும் இதே படிவம் இன்னொரு முறை.

மது, பன்றி இறைச்சி, வேற்று மத வழிபாட்டுச் சிலைகள் கொண்டுபோகக் கூடாது. விமான நிலையக் கடையில் வாங்கிய பாட்டில் பையில் இருந்தால் சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள், திரும்பும்போது பெற்றுக்கொள்ளலாம். மின் சிகரெட் 2024 முதல் தடை. சிறு சாமிப் படமோ சிலையோ பையில் வைத்தே பயணிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இந்த ஒரு பயணத்துக்கு வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.

பையில் அவசியம் வேண்டியவை: முழுக்கை நீச்சல் சட்டை, பவளப்பாறையில் நடக்க ரப்பர் செருப்பு, உங்கள் முகத்துக்குப் பொருந்தி மூக்கையும் மூடும் நீச்சல் கண்ணாடி, சதுரக் கால் மூன்று உள்ள பிளக்குக்கான அடாப்டர், வாந்தி மாத்திரை, வழக்கமான மருந்துகளோடு மருத்துவர் சீட்டு. தீவில் சுகாதார நிலையம் இருக்கும், ஆனால் நீங்கள் கேட்கும் மருந்து இருக்கும் என்று சொல்ல முடியாது. சன்ஸ்கிரீன் அங்கே வாங்கினால் விலை கண்ணைக் கட்டும்.

படி 5: இறங்கிய முதல் ஒரு மணி நேரம்

கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால் தள்ளுங்கள். இந்தியாவையும் இலங்கையையும் விட மாலத்தீவு அரை மணி பின்தங்கியது. படகு விஷயத்தில் இந்த அரை மணி நமக்கு லாபம், திரும்பும்போது நஷ்டம்.

வெளியே வந்ததும் திராகு அல்லது ஊரிடூ சிம் வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலேயே ஏடிஎம் இருக்கிறது, எல்லாத் தீவிலும் கிடையாது. அந்த ஊர்ப் பணமான ரூஃபியா கொஞ்சம் எடுத்துக்கொண்டால் டீக்கடைக்கும் அரசுப் படகுக்கும் உதவும். ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா என்பதுதான் பல ஆண்டுகளாக அதிகாரபூர்வ விலை. விடுதியும் கடல் சுற்றுலாவும் டாலரில் விலை சொல்வார்கள். கிழிந்த, கறைபட்ட டாலர் தாளை வாங்க மாட்டார்கள்.

வேகப்படகு என்றால் எதிரே உள்ள படகுத்துறை. அரசுப் படகு என்றால் முதலில் மாலேக்குப் போக வேண்டும். விமான நிலையத்திலிருந்து பத்து நிமிடப் படகு உண்டு, 2018ல் திறந்த பாலம் வழியாகப் பேருந்தும் டாக்சியும் உண்டு. மாஃபுஷிப் படகு புறப்படும் துறை மாலேயின் தென்மேற்கு மூலையில், விமான நிலையப் படகு வந்து நிற்பது மறுகோடியில். நடுவில் டாக்சி பிடித்தால் பத்து நிமிடம், பெட்டியோடு நடந்தால் வியர்த்து விறுவிறுத்துப் போவீர்கள்.

படி 6: ஊருக்குள்

ஊர் என்பது ஊர்தான். நீச்சல் உடை பிகினி பீச்சோடு சரி. அங்கிருந்து வெளியே வந்ததும் தோளும் தொடையும் மறைய ஏதாவது போட்டுக்கொள்ள வேண்டும், ஆண்களும் சட்டை இல்லாமல் தெருவில் நடக்கக் கூடாது. பொதுக் கடற்கரையில் ஊர்ப் பெண்கள் முழு உடையோடுதான் குளிக்கிறார்கள், நீங்களும் டிஷர்ட், அரைக்கால் சட்டையோடு இறங்கலாம். தொழுகை நேரத்தில் கடைகள் கால் மணி நேரம் அடைத்திருக்கும். வெள்ளி மதியம் ஊரே இரண்டு மணி வரை அடங்கியிருக்கும், தண்ணீர் பாட்டிலை அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். மக்கள் வாழும் தீவுகளில் மது எங்கேயும் கிடையாது. மாஃபுஷிக்கு வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் படகுகளில் கிடைக்கும், சின்னப் படகு வந்து அழைத்துப் போகும்.

காலைச் சாப்பாடு பெரும்பாலும் அறை வாடகையிலேயே அடக்கம். முட்டையும் பாணும் வேண்டாம், மஸ் ஹுனி கொடுங்கள் என்று கேளுங்கள். சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை போட்டுக் கையால் பிசைந்தது. ரோஷி என்னும் மெல்லிய ரொட்டியோடு தருவார்கள். ‘மஸ்’ என்றால் மீன். மாசிக் கருவாடு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு நாக்கு உடனே அடையாளம் கண்டுகொள்ளும். மதியம் கருதியா என்ற தெளிந்த மீன் ரசமும் சோறும். சாயங்காலம் டீக்கடையில் ஹெதிகா, அதாவது பலகாரம். மீன் அடைத்த உருண்டைகள், முக்கோணங்கள், மீன் போட்ட கேக் துண்டுகள் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும். இரண்டு, மூன்று டாலரில் வயிறு நிறைந்துவிடும்.

சைவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கஷ்டம்தான். காய்கறி பெரும்பாலும் கப்பலில் வருவது, விலையும் அதிகம், வகையும் குறைவு. பலகாரத்தில் எது சைவம் போலத் தெரிந்தாலும் உள்ளே மாசி இருக்கும். அறை பதிவு செய்யும்போதே சொல்லி வைத்தால் பருப்பும் காய்கறிக் கறியும் செய்து தருவார்கள். அவல், பொடி வகைகள் பையில் இருந்தால் நல்லது.

தெருமுனைகளில் இரும்புச் சட்டத்தில் கயிறு பின்னிய இருக்கைகள் வரிசையாக இருக்கும். ஜோலி என்பார்கள். யாரும் உட்காரலாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓர் ஜோலியில் போய் உட்கார்ந்தால் போதும். எங்கிருந்து வருகிறீர்கள் என்று யாராவது கேட்பார்கள், தீவின் பள்ளியிலோ சுகாதார நிலையத்திலோ வேலை பார்க்கும் இந்தியரைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

படி 7: கடலில் இறங்கும் முன்

ரிசார்ட்டில் உயிர்காப்பாளர் இருப்பார். ஊர்த் தீவில் பெரும்பாலும் இருக்க மாட்டார். அதனால் இந்தப் பகுதியை மட்டும் வேகமாகத் தாண்டிவிடாதீர்கள்.

முதலில் நீச்சல் கண்ணாடி. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெதுவாக மூச்சை இழுங்கள். கையை எடுத்த பின்பும் ஒட்டிக்கொண்டிருந்தால் பொருந்துகிறது என்று அர்த்தம். உள்ளே எச்சில் தடவிக் கடல்நீரில் அலசினால் ஆவி படியாது. மீசை தடிமனாக இருந்தால் தண்ணீர் கசியும், அதற்கு வைத்தியம் சவரக்கத்திதான்.

அடுத்தது நீரோட்டம். பவளப்பாறைகளுக்கு நடுவே உள்ள வாய்க்கால்களை அவர்கள் ‘கண்டு’ என்பார்கள். கடல் உள்ளே வருவதும் வெளியே போவதும் அந்த வழியாகத்தான். இழுப்பு அங்கே பலமாக இருக்கும். இறங்க எந்த இடம் நல்லது, இன்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்று விடுதிக்காரரிடம் தினமும் கேளுங்கள், நேற்றுக் கேட்டது இன்றைக்கு ஆகாது. தண்ணீரில் இறங்கியதும் இடுப்பளவு ஆழத்தைத் தாண்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கீழே ஒரு பவளத்தைக் குறி வைத்துக்கொண்டு கைகால் அசைக்காமல் ஒரு நிமிடம் மிதந்து பாருங்கள். அந்தப் பவளம் கண்முன்னே நகர்ந்து போனால் நகர்வது நீங்கள்தான். மெல்ல நகர்ந்தால் நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் முதலில் நீந்துங்கள், களைத்த பிறகு அது உங்களைத் திருப்பிக் கொண்டுவரும். வேகமாக நகர்ந்தால் அன்று இறங்க வேண்டாம். நீச்சல் தெரிந்தவரானாலும் காப்புச் சட்டை போடுங்கள், துணையில்லாமல் போகாதீர்கள்.

சுறா பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். கரையோரம் வரும் கருந்துடுப்புச் சுறாக் குட்டிகள் நம்மைக் கண்டு ஓடும். எனக்குப் பயம் டைட்டன் டிரிகர் மீனிடம். முட்டையிடும் காலத்தில் கூட்டுக்கு மேலே யார் வந்தாலும் துரத்தும், கடிக்கும். அது தன்னுடையதாக நினைக்கும் பரப்பு கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் புனல் போன்றது. மேலே ஏறித் தப்பிக்கப் பார்த்தால் அதன் எல்லைக்குள்ளேயே இருப்பீர்கள். பக்கவாட்டில் விலகிப் போக வேண்டும்.

பவளத்தின் மேல் நிற்காதீர்கள், தொடாதீர்கள். 1998லும் 2016லும் கடல் சூடானபோது இங்கே பவளம் பெருமளவு வெளுத்துச் செத்தது. பல இடங்களில் சாம்பல் நிறக் குவியல்களுக்கு நடுவே புதிதாகத் தலைகாட்டுபவைதான் இப்போது பார்ப்பவை. வண்ண வண்ணப் பூந்தோட்டத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம் வரலாம். மீன்கள் ஏமாற்றாது.

பணம் கட்டிப் போகும் கடல் சுற்றுலாவில் ஒன்று அல்லது இரண்டு போதும். மணல்திட்டு, பவளப்பாறை, டால்பின் மூன்றும் சேர்ந்த அரைநாள் பயணம் ஆளுக்கு ஏறத்தாழ 30 முதல் 40 டாலர். இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள், எத்தனை பேர் ஒரு படகில் என்பதையும் கேளுங்கள். ரிசார்ட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டால் ஒரு நாள் அனுமதிச் சீட்டு வாங்கிப் போய் வரலாம். அந்த ஒரு நாள் செலவில் ஊர்த்தீவில் இரண்டு நாள் கழியும், அது உங்கள் முடிவு.

படி 8: மொத்தக் கணக்கும் கிளம்பும் நாளும்

மாஃபுஷி போன்ற கிட்டத் தீவு, இரண்டு பேர், நான்கு இரவு. அறை வரியோடு 305. வேகப்படகு போக வர 100. மதியம், இரவுச் சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளுக்கு 20 என்றால் 160. இரண்டு கடல் சுற்றுலா 140. ஆக விமானம் தவிர்த்து 700 டாலர் சுற்றி. ஒருவழிக்கு அரசுப் படகு, ஒரு சுற்றுலாவைக் குறைப்பது, இரவில் டீக்கடைச் சாப்பாடு என்று போனால் 600க்குள் அடக்கலாம். விமான நிலையப் புறப்பாட்டு வரி விமான டிக்கெட்டிலேயே சேர்ந்திருக்கும், தனியாகக் கட்ட வேண்டாம்.

கிளம்பும் நாளில் விமானத்துக்கு ஐந்து மணி நேரம் முன்பு விமான நிலையத்தில் இருக்கிற மாதிரி படகு பிடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூரமுள்ள தீவு, மழைக்காலம் என்றால் முந்தின நாளே ஹுல்ஹுமாலேக்கு வந்துவிடுவேன். படகு ரத்தானால் விமானம் காத்திருக்காது. சிப்பி, பவளத் துண்டு, மணல் எதையும் பையில் போடாதீர்கள். பெட்டி ஊடுகதிர்ச் சோதனையில் மாட்டும், குழந்தைகளின் பைகளையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். எதையாவது எடுத்துவரத்தான் வேண்டும் என்றால் மாலேயில் மீன் சந்தைக்குப் பக்கத்துக் கடைகளில் மாசி கிடைக்கும். இரண்டு உறை போட்டு, அதன் மேல் துணி சுற்றி, பெட்டியின் அடியில் வையுங்கள். நான் ஒரே உறையில் வைத்தேன், அந்தப் பெட்டியைத் திறந்தால் இன்னும் மாசி வாசம்தான்.